அம்பதாயிரத்துல ஏரோ வீல்: மதுரைல இருந்து ட்ரையத்லானுக்குக் கிளம்புறவங்களுக்கு

கோவாவுல நடக்குற அயர்ன்மேன் 70.3-க்கு, அதாவது நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம்னு மூணும் அடுத்தடுத்து வர்ற ட்ரையத்லானுக்கு, பேரு குடுத்த மறுநாளே நம்ம பசங்க பண்ற முதல் வேலை வீல் தேடுறதுதான். நீச்சல்ல ஐநூறு மீட்டருக்கே மூச்சு வாங்கும், 21 கிலோமீட்டர் ஒரே மூச்சா ஓடுனது கிடையாது, ஆனா போன் முழுக்க கார்பன் வீல் படமா நிறைஞ்சு கெடக்கும். கிண்டல் பண்ணல, அந்த ஆசை எனக்கும் உண்டு. ரிம்மு அறுபது மிமீ ஆழமா இருக்க வீல் போட்ட வண்டி நம்மள ஓரங்கட்டிட்டுப் போறப்ப "வ்வும் வ்வும்"னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அத ஒருதடவ கேட்டுட்டா அதுக்கப்புறம் நம்ம வண்டி என்னமோ பால்காரர் சைக்கிள் மாதிரியே தெரியும்.

கையில நாப்பது அம்பதாயிரம் இருக்கு, லட்சக்கணக்குல எறங்க முடியாது, என்ன பண்ணலாம்னு கேக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். சிப் 808, என்வி இந்த மாதிரி வீலெல்லாம் ஜோடி லட்சத்தத் தாண்டி எங்கயோ போயிரும், அத வாங்குறவங்களுக்கு யோசனை சொல்ற இடத்துல நான் இல்ல. என் கருத்த முதல்லயே சொல்லிர்றேன், அந்த அம்பதாயிரத்துல வீலுக்குன்னு போக வேண்டியது பாதிதான், மீதிப் பாதி வேற எடத்துக்குப் போகணும், அதுலயும் பின் வீலுக்கு நீங்க கார்பனே வாங்க வேணாம்.

முதல்ல எதுக்கு இந்த ஏரோ பைத்தியம், அதாவது காத்து எதிர்ப்பக் கொறைக்கிற பைத்தியம்னு பாத்துரலாம். ஞாயித்துக்கிழமை குரூப் ரைடுல மேலூர் ரோட்டுல எட்டுப் பேரு வரிசையாப் போறப்ப முன்னாடி இருக்கவன் காத்தக் கிழிச்சுக் குடுப்பான், நாம சொகமாப் பின்னாடியே போயிரலாம். ட்ரையத்லான்ல அந்தப் பாச்சா பலிக்காது. அயர்ன்மேன் மாதிரிப் போட்டிகள்ல முன்னாடி போறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்கணும், அந்த எடத்துக்குள்ள பூந்துட்டா 25 செகண்டுக்குள்ள தாண்டிப் போயிரணும், இல்லன்னா பெனால்டி. அதாவது 90 கிலோமீட்டரும் நம்ம நெஞ்சாலதான் காத்தத் தள்ளணும். சமதள ரோட்டுல 30 கிலோமீட்டர் வேகத்துல போறப்பவே நம்ம காலு குடுக்குற பவர்ல முக்கால்வாசி காத்தத் தள்ளத்தான் போகுது, மிச்சம் டயர் உராய்வு, செயின் அது இது. வேகம் ரெண்டு மடங்கானா அந்தக் காத்துக்குன்னு தேவைப்படுற பவர் எட்டு மடங்காகும், மூணாம் படில ஏறுற கணக்கு அது.

இதுல வீலுக்குன்னு ஒரு தனிக் கூத்து இருக்கு. வண்டி 30-ல போகுதுன்னா டயரோட உச்சி 60-ல போகுது, தரையத் தொடுற எடம் அந்த நொடிக்கு அசையாம நிக்கிது. அப்ப மேல் பாதில இருக்க கம்பியும் ரிம்மும்தான் காத்த அதிகமாக் கலக்கி விடுது, ரிம்ம ஆழமாக்கி கம்பியக் கொறைச்சா அந்தக் கலக்கல் கொறையும். அவ்வளவுதான் சூட்சுமம். இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல, 1984-ல இத்தாலி சைக்கிள் வீரர் ஃப்ரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ சிட்டில கம்பி தெரியாம முழுசா மூடுன டிஸ்க் வீல் போட்டு ஒரு மணி நேரத்துல 51 கிலோமீட்டரத் தாண்டுனாரு, அதுக்கு முன்னாடி 1972-ல பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் வச்ச 49.431 கிலோமீட்டர் சாதனை பதினோரு வருஷத்துக்கு மேல அசையாம கெடந்துச்சு.

இப்ப கம்பெனிக்காரன் கணக்குக்கு வருவோம். "எங்க வீல் 15 வாட் மிச்சம் பண்ணும்"னு போட்டிருப்பான், பொய்யும் இல்ல, ஆனா அத எந்த வேகத்துல அளந்தான்னு சின்ன எழுத்துல பாருங்க, பெரும்பாலும் மணிக்கு 45, இல்லன்னா 48. நாம போறது 30. அந்த மூணாம் படிக் கணக்கப் போட்டா 45-ல 15 வாட் மிச்சம் பண்ற வீல் 30-ல நாலரை வாட்தான் குடுக்கும். இத சொன்னதும் சில பேரு "அப்ப நம்ம வேகத்துக்கு ஏரோ வேஸ்ட்"னு முடிச்சுர்றாங்க, அதுவும் தப்பு. நாம மெதுவாப் போறதால ரோட்டுல நெறைய நேரம் இருக்கோம்ல, அந்த சின்ன மிச்சமும் நேரமாச் சேந்துக்கிட்டே வரும். நான் ஒரு நாள் உக்காந்து சுமாரான உடம்பு அளவு, டயர் உராய்வு எல்லாம் வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன், 90 கிலோமீட்டர மூணு மணி நேரத்துல முடிக்கிறவருக்கு அந்த வீல் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல மிச்சம் பண்ணுது, 40 வேகத்துல பறக்குறவருக்கு ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மிதான். ஆக வீல் எல்லாருக்கும் வேலை செய்யும், ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு அம்பதாயிரமான்னு நீங்களே கேட்டுக்கோங்க.

ஏன்னா அதவிட மலிவா நிமிஷம் விக்கிற கடை வேற இருக்கு. மொத்தக் காத்து எதிர்ப்புல முக்கால் பங்குக்கு மேல நம்ம உடம்பு, வண்டியும் வீலும் சேந்தே மிச்சம் கால் பங்குதான். 1989 டூர் தெ ஃப்ரான்ஸ் கடைசி நாள் கதை சைக்கிள்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். வெர்சாய்ல இருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனியா ஓட்டணும், லோரான் பின்யோன் மொத்த நேரத்துல 50 செகண்ட் முன்னாடி இருந்தாரு, முன்னாடி பின்னாடி ரெண்டுமே டிஸ்க் வீல். கிரெக் லெமாண்டுக்குப் பின்னாடி மட்டும் டிஸ்க், ஆனா ட்ரையத்லான்காரங்க அப்பத்தான் பழக்கத்துக்குக் கொண்டு வந்திருந்த ஏரோ பார, அதாவது முழங்கைய ஊனிப் படுத்து ஓட்டுறதுக்கு ஹேண்டில்ல வைக்கிற கம்பிய, மாட்டிக்கிட்டு, கைய ஒடுக்கி தலையக் குனிஞ்சு போனாரு. லெமாண்ட் 58 செகண்ட எடுத்துட்டாரு, மொத்த டூரையும் 8 செகண்டுல ஜெயிச்சாரு. பின்யோனுக்கு அன்னிக்கு உக்கார முடியாத புண்ணு வேற, அதனால பாரு மட்டுமே காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா சாதா ரோடு பைக்ல ஒரு கிளிப்-ஆன் ஏரோ பார மாட்டி அதுல ஒழுங்கா ஒரு மணி நேரம் படுத்து ஓட்டப் பழகுனா, எந்தக் கார்பன் வீலும் குடுக்காத மிச்சம் அதுல கெடைக்கும். பார் சில ஆயிரம்தான். பழகுறதுக்குத்தான் நேரம் ஆகும், கழுத்து வலிக்கும், நாகமலை புதுக்கோட்டை தாண்டி தேனி ரோட்டுல குண்டும் குழியும் வர்றப்ப படுத்துக்கிட்டு போனா பிரேக்குக்கு கை எட்டாது, அதையெல்லாம் போட்டிக்கு முன்னாடியே பழகிக்கணும்.

அடுத்து டயர். ஊர்ல சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து எல்லாரும் கெட்டியான பஞ்சர் ஆகாத டயரா போட்டுக்கிட்டு இருப்போம், பயிற்சிக்கு அதான் சரி, வேற வழியே இல்ல. ஆனா அதே டயரோட போட்டிக்குப் போறது பையில கல்லக் கட்டிக்கிட்டு ஓடுற வேலை. நல்ல ரேஸ் டயருக்கும் அந்தக் கெட்டி டயருக்கும் ஒரு டயருக்கே சில வாட்ல இருந்து பத்து வாட்டு வரைக்கும் வித்தியாசம் வரும், அதுவும் நம்ம 30 வேகத்துலயே. மேல சொன்ன நாலரை வாட்ட இதோட வச்சுப் பாருங்க. அதுக்கு மேல லேடெக்ஸ் டியூப் போட்டா டயருக்கு ரெண்டு மூணு வாட் கூடுதல். லேடெக்ஸ்ல காத்து நிக்காது, ராத்திரி அடிச்சா காலைல கொறைஞ்சு கெடக்கும், போட்டி அன்னிக்குக் காலைல அடிச்சுக்கணும். ட்யூப்லெஸ் போடுறவங்க நம்ம வெயிலுக்கு ஓட்டைய அடைக்க உள்ள ஊத்துற சீலன்ட் சீக்கிரமே காஞ்சுரும்ங்குறத மறந்துறாதீங்க, மாசாமாசம் தொறந்து பாக்காம "போட்டிருக்கேன்ல"ன்னு தைரியமா இருக்கக்கூடாது.

சரி, பார் வாங்கியாச்சு, டயர் வாங்கியாச்சு, இன்னும் காசு இருக்கு, வீல் வேணும். இப்பத்தான் ஆழம் பத்திப் பேசணும்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. தென்மேற்குப் பருவக்காத்து மலைக் கணவாய் வழியா புகுந்து வர்ற ஊரு இது, ஆண்டிப்பட்டி பக்கம் காத்தாடி நட்டு வச்சிருக்கதே அதுக்குத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் உசிலம்பட்டி தாண்டிப் போனீங்கன்னா காத்து பக்கவாட்டுல விட்டு விட்டு அறையும், ஒரே சீரா அடிச்சாக்கூட சாஞ்சு ஓட்டிரலாம், இது அடிக்கும், ஒரு லாரி மறைக்கும், லாரி போனதும் மறுபடியும் அடிக்கும். 2023-ல தொறந்த நத்தம் ரோட்டுப் பாலம் இருக்குல்ல, அந்த 7.3 கிலோமீட்டர் பாலத்து மேல விடியக்காலம் போனாலும் இதே கததான், மறைக்கிறதுக்கு ஒரு மரம் கெடையாது. பின் வீல் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அது ஃப்ரேம்ல அசையாம நிக்கிது, காத்து தள்ளுனா மொத்த வண்டியும் லேசா நகரும், அவ்வளவுதான். முன் வீல் அப்படி இல்ல, அது ஹேண்டில் பாரோட சேந்து திரும்புறது, 80 மிமீ ரிம்முல காத்து பட்டா ஹேண்டிலையே திருப்பி விட்டுரும். அதுவும் ஏரோ பார்ல படுத்திருக்கப்ப கை ரெண்டும் நடுவுல ஒட்டி இருக்கும், புடிச்சு நிறுத்துறதுக்கு நெம்புகோலே கிடையாது. அறுவது கிலோவுக்குக் கீழ இருக்கவங்க இத எனக்கு மேலயே உணர்வீங்க.

பயந்து ஹேண்டில் நடு பாகத்துக்குக் கைய மாத்தி நிமிந்து உக்காந்துட்டா, ஆழமான வீல் மிச்சம் பண்ணத விடப் பல மடங்கு அந்த நிமிஷத்துலயே போயிரும். அதனால முன்னாடி 50 மிமீ, நீங்க ஒல்லியா இருந்தா 40. சாதா ரிம்ல இருந்து 50-க்குப் போறப்பத்தான் பெரிய லாபம், 50-ல இருந்து 80-க்குப் போறப்ப கெடைக்கிறது மிச்சம் மீதிதான்.

வாங்குறப்ப பாக்க வேண்டியத சொல்றேன். மொத விஷயம் பிரேக்கு. டிஸ்க் பிரேக் வண்டின்னா கவலை கம்மி, ஆக்சில் முன்னாடி 12-க்கு 100 மிமீ, பின்னாடி 12-க்கு 142, ரோட்டர்ங்கிற பிரேக்குத் தகடு மாட்டுறது சென்டர்லாக்கா ஆறு போல்ட்டா, கேசட்டு, அதான் பின்னாடி இருக்க பல்சக்கர அடுக்கு, எந்த ஃப்ரீஹப்புல உக்காரும், இதெல்லாம் பாத்துட்டு வாங்கலாம். ரிம் பிரேக் வண்டி வச்சிருக்கவங்க மலிவான முழு கார்பன் ரிம்ம வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் யோசிங்க. வத்தலகுண்டுல இருந்து கொடைக்கானல் ஏறிட்டு எறங்குறப்ப அத்தன வளைவுக்கும் பிரேக்க அழுத்திக்கிட்டே வருவோம், அந்த சூடு அலுமினியத்துல சட்டுனு பரவி ஆறிரும், கார்பன்ல அங்கனயே நிக்கும், மலிவான ரிம்முல உள்ள பசை எளகி ரிம்மு உப்பிக்கிட்ட கதையெல்லாம் உண்டு. அந்த சூட்டுல லேடெக்ஸ் டியூப்பும் தாங்காது. ரிம் பிரேக்குன்னா அலுமினிய ரிம்முக்கு மேல கார்பன் மூடி ஒட்டுன வகை இருக்கு பாருங்க, ஹெட் ஜெட், அமெரிக்காவுல ரெட்டைச் சகோதரங்க ரெண்டு பேரு ட்ரையத்லான்காரங்களுக்குன்னே ஆரம்பிச்ச ஃப்ளோவோட பழைய மாடல், இதெல்லாம் அந்த வகைதான், வெயிட்டு கூட, ஆனா பிரேக்கு அலுமினியத்துல புடிக்கும். செகண்ட்ஸ்ல யாராவது விக்கிறாங்கன்னா விடாதீங்க. வெயிட்டப் பாத்துப் பயப்பட வேணாம், சமதளத்துல முந்நூறு கிராம் ஒண்ணும் பண்ணாது.

ரெண்டாவது அகலம். சிப் கம்பெனில இருந்த ஜாஷ் போர்ட்னர் சொன்ன 105 சதவீத விதின்னு ஒண்ணு உண்டு, ரிம்மோட வெளி அகலம் டயர விடக் கொறைஞ்சது அஞ்சு சதவீதம் கூட இருந்தாத்தான் டயர்ல பட்ட காத்து ரிம்முல ஒட்டிப் போகும். பழைய ஒல்லி ரிம்முல 28 மிமீ டயர மாட்டுனா டயர் ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கும், காசு குடுத்து வாங்குன ஆழம் அங்கயே பாழ்.

மூணாவது ஹுக். இப்ப மலிவு வீல்ல நெறைய ஹுக்லெஸ் வருது, அதாவது டயரக் கவ்விப் புடிக்கிற அந்த உதடு ரிம்முல இருக்காது. அதுக்கு அஞ்சு பார் அழுத்தம், அதாவது 72 பிஎஸ்ஐ சொச்சம், அதுக்கு மேல காத்து அடிக்கவே கூடாது, அதுக்குன்னு சொன்ன டயரத்தான் போடணும். 2024 பிப்ரவரில யுஏஇ டூர் சைக்கிள் ரேஸ்ல பெல்ஜியம் வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்தப்ப டயர் ரிம்ம விட்டுக் கழண்டு கெடந்துச்சு, அதுல இருந்து இந்தச் சண்டை ஓயல. நம்ம ஊர்ல பெட்ரோல் பங்குலயும் பஞ்சர் கடைலயும் காத்து அடிச்சுப் பழகுன கை, நூறு பிஎஸ்ஐ அடிச்சாத்தான் டயர் கெட்டின்னு நம்புற ஆளுங்க நாம, எதுக்கு வம்பு, ஹுக் இருக்கதையே கேட்டு வாங்குங்க.

சீனாவுல இருந்து நேரா வர்றதுதான் இப்ப மலிவு, எலைட்வீல்ஸ், வின்ஸ்பேஸ், ஐகேன், சூப்பர்டீம்னு பேரு அடிபடும். வெல சொல்றப்ப கஸ்டம்ஸையும் சேத்துக்கோங்க, பார்சல் வந்து நின்னப்புறம் தலையில கைய வைக்காதீங்க. வாரன்டி உண்டு, ஆனா ஒரு வீலத் திருப்பி அனுப்புற கூலிலயே பாதிக் காசு போயிரும்.

அதவிட முக்கியமா, உங்க ஊர்ல அத யாரு சரி பண்ணுவாங்கன்னு பாருங்க. எனக்கு வழக்கமா கோட்டம் எடுத்துக் குடுக்குற அண்ணன் கீழவாசல் பக்கம் சின்னக் கடை வச்சிருக்காரு, ஸ்டாண்டெல்லாம் கிடையாது, பழைய ஃபோர்க் ஒண்ணத் தலைகீழா பெஞ்சுல அடிச்சு வச்சிருப்பாரு. அதுல வீல மாட்டிச் சுத்தி விட்டு, கட்டவெரல் நகத்த ரிம்முக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டே பாப்பாரு, எங்க நகத்துல ஒரசுதோ அங்க சுண்ணாம்புக்கட்டில ஒரு கோடு. அப்புறம் கம்பிய ஒண்ணொண்ணா வெரலால சுண்டி சத்தம் கேப்பாரு, மந்தமா கேட்டா அது லூசு, கம்பி நுனில இருக்க நிப்பிளத் திருகி இறுக்குவாரு. நண்பரோட கார்பன் வீல ஒருநாள் அவர்ட்ட கொண்டு போனேன். சுத்திச் சுத்திப் பாத்துட்டு,

"தம்பி, இதுல நிப்பிளு எங்கிட்டு இருக்கு?"

"உள்ளுக்குள்ள இருக்குண்ணே. டயரக் கழட்டி டேப்ப உரிச்சாத்தான் தெரியும்."

"ஒரு கம்பி லூசானதுக்கு டயரக் கழட்டணுமா? இதப் பண்ணவன் கடை வச்சுப் பொழச்சிருக்க மாட்டான்."

ஆனாலும் எடுத்துக் குடுத்தாரு, பட்டைக் கம்பி முறுக்கிக்காம இருக்கத் துணி சுத்துன கொறட்டால புடிச்சுக்கிட்டே, ஒரு சாயங்காலம் முழுக்க. அதுல இருந்து யாரு கேட்டாலும் நான் சொல்றது, நிப்பிள் வெளிய தெரியுறதா வாங்கு, தலை வளைஞ்ச கம்பியா வாங்கு, முன் பின் ரெண்டுக்கும் ரெவ்வெண்டு கம்பி ஆர்டர்லயே சேத்து வாங்கு. அப்புறம் வால்வு. 50 மிமீ ரிம்முக்கு சாதா டியூப் வால்வு வெளியவே தலை நீட்டாது, நீள வால்வு டியூப் வாங்கி, ஸ்பேர் டியூப்பும் அதே நீளத்துல இருக்கான்னு சீட்டுக்கு அடில இருக்க பையத் தொறந்து பாத்துக்கோங்க.

இப்ப பின் வீல். காத்துக்கு நல்லது முழுசா மூடுன டிஸ்க், ஆனா டிஸ்க் வீல் வெல நமக்கு ஆகாது. அதுக்கு இருக்கவே இருக்கு கவர். உங்ககிட்ட இருக்க அலுமினிய வீல் மேலயே ரெண்டு பக்கமும் மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட்ட மூடுறது, நல்லாச் செஞ்சா வெல கூடுன டிஸ்க்குக்கு ரொம்பக் கிட்டத்துல வந்துரும். மதுரைல ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்கா பஞ்சம், காதுகுத்துக்கே நாப்பதடி பேனர் வைக்கிற ஊரு. அந்தக் கடைகள்லயே போர்டு வேலைக்கு முக்கா மிமீ, அரை மிமீ பிவிசி ஷீட் வெட்டிக் குடுப்பாங்க, நொரை மாதிரி தடியா இருக்க சன்போர்டு வேணாம்.

ஷீட்ட ரிம்மோட உள் வெளிம்பு வரைக்கும் வட்டமா வெட்டணும், ஆனா தட்டையா ஒக்காராது, ஏன்னா நடுவுல ஹப்பு வெளிய தள்ளிக்கிட்டு நிக்கிது. அதனால நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு வெட்டுப் போட்டு, ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏத்தி ஒட்டுனா லேசான கூம்பு வந்துரும், கம்பியோட சாய்வுக்கு அது அப்படியே படிஞ்சுக்கும். செயின் பக்கம் சாய்வு கம்மி, மறுபக்கம் கூட, ரெண்டுக்கும் தனித்தனியா அளவு எடுக்கணும். செயின் பக்கம் கேசட் உக்கார்ற அளவுக்கு நடுவுல பெரிய ஓட்டை, டிஸ்க் பிரேக்னா மறுபக்கம் ரோட்டருக்கும் அதே மாதிரி. ரெண்டு ஷீட்டையும் கம்பி இடைவெளி வழியா நைலான் போல்ட் போட்டு இறுக்கி, ஓரத்த எலக்ட்ரிகல் டேப்பால ஒட்டிரணும், டேப்பு ஒழுங்கா ஒட்டலன்னா 35-ல பட்டம் விடுற மாதிரி படபடன்னு அடிச்சுக்கிட்டே வரும். வால்வுக்கிட்ட பம்பு தலை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை, அதுக்கு மேல ஒரு துண்டு டேப்பு.

சைக்கிள் ரேசுகள்ல உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ இந்தக் கவர ஒத்துக்காது, ட்ரையத்லான்ல பின் வீலுக்குப் பொதுவா விடுறாங்க, இருந்தாலும் போட்டிக்கு முன்னாடி அனுப்புற கையேட்டுல ஒருதடவ பாத்துக்கோங்க. ஹவாய்ல கோனாவுல நடக்குற உலகப் போட்டில மட்டும் பின்னாடிகூட டிஸ்க் கூடாது, அங்க அடிக்கிற காத்து அப்படி. கோனாவுக்குத் தகுதி வாங்கிட்டீங்கன்னா கழட்டிக்கலாம், பத்து நிமிஷ வேலைதான்.